கூட வருகிறவன்

டெக்ஸ்ட் கேம் விளையாடிய யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'பிளானட்ஃபால்' கேமில் கதாநாயகன் பேர் என்ன? முழிப்பார்கள். முழிப்பதில் தப்பில்லை, அவனுக்குப் பேரே கிடையாது. அடுத்து, அதே கேமில் வருகிற ரோபோ பேர் என்ன என்று கேளுங்கள். கேள்வி முடிவதற்குள் 'ஃபிளாய்ட்' என்று பதில் வரும். கூடவே ஒரு பெருமூச்சு வந்தாலும் ஆச்சரியமில்லை.

1983ல் வந்த கேம் அது. அமெரிக்காவில் இன்ஃபோகாம் என்கிற கம்பெனி வெளியிட்டது. எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. படம் இல்லை, பாட்டு இல்லை, சண்டைக் காட்சி இல்லை. திரையில் வெறும் எழுத்து. "நீ இன்ன இடத்தில் நிற்கிறாய், எதிரே ஒரு கதவு இருக்கிறது" என்று கம்ப்யூட்டர் சொல்லும். "கதவைத் திற" என்று விளையாடுகிறவர் தட்டச்ச வேண்டும். திறந்தால் அடுத்த வரி வரும். இதைத்தான் இன்டராக்டிவ் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. கரிசக்காட்டில் ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு கதை கேட்ட பிள்ளைகளுக்கு இது பழைய சமாச்சாரம். பாட்டி கதை சொல்வாள், பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "என்ன, தூங்கிட்டியா?" என்று ஒரு அதட்டல் வரும். கம்ப்யூட்டர் திரையில் மினுக்கிக்கொண்டே காத்திருக்கும் அந்தச் சின்னக் கோடும் அதே 'ம்'முக்குத்தான் காத்திருக்கிறது.

இடைசெவல் கி.ராஜநாராயணன் இந்தப் பக்கத்துக் கதைகளை வாய்மொழியாகக் கேட்டுத் திரட்டியவர். கதை என்பது சொல்கிறவன் ஒருத்தனால் நடப்பதில்லை, கேட்கிறவனும் கூடவே இழுத்துக்கொண்டு போவது என்பது அவரைப் படித்தவர்களுக்குப் புதிசாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஃபிளாய்டுக்கு வருவோம்.

கதாநாயகன் விண்வெளிக் கப்பலில் தளம் துடைக்கிற கடைநிலை ஆள். கப்பல் வெடித்து, ஆளே இல்லாத ஒரு கிரகத்தில் வந்து விழுகிறான். அங்கே அணைந்து கிடக்கிற ரோபோவை முடுக்கிவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து அது எழுந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் விடாது. கண்ணாமூச்சி ஆடலாமா என்கும். தன்னைத் தானே பேர் சொல்லித்தான் பேசும். 'பாப்பாவுக்குப் பசிக்குது' என்று குழந்தைகள் பேசுமே, அந்த மாதிரி. விளையாடுகிறவர் கேமை 'சேவ்' செய்தால், ஏதோ ஆபத்தான காரியம் பண்ணப் போகிறோம் போலிருக்கே என்று குதிக்கும்! கேமுக்கு வெளியே நடக்கிற காரியத்தைக்கூட அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

(இந்தப் பத்தியில் கதையின் முக்கியமான இடம் வருகிறது. விளையாட நினைப்பவர்கள் தாண்டிப் போகலாம்.) பிற்பாதியில் ஒரு ஆய்வுக்கூடம் வருகிறது. உள்ளே கொடூரமான மிருகங்கள். உள்ளே கிடக்கிற ஒரு அட்டையை எடுத்தால்தான் மேற்கொண்டு போக முடியும். "ஃபிளாய்ட் போகிறான்" என்கிறது ரோபோ. கதவைத் திறந்துவிட வேண்டியது விளையாடுகிறவர். "கதவைத் திற" என்று தன் கையால் அடிக்க வேண்டும். அது உள்ளே போன பிறகு கதவைச் சாத்தவும் வேண்டும். உள்ளே கேட்கிற சத்தம் எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். பிறகு தட்டுகிற சத்தம். மறுபடி திறந்தால், பிய்ந்து போய் வெளியே வருகிறது, கையில் அட்டையோடு. மடியில் கிடந்தபடியே அடங்கிவிடுகிறது. படமே இல்லாத கேமில் ஒரு தகர டப்பா செத்ததற்குப் பெரிய பெரிய ஆட்கள் அழுதிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேமுக்கு அழுகை வருமா என்ற கேள்விக்கு நாற்பது வருஷமாக இதைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போது கேள்வி: ஏன் ஃபிளாய்டு மட்டும்? நாயகனும்தானே கஷ்டப்பட்டான், பட்டினி கிடந்தான், நோயோடு திரிந்தான்? அவனுக்காக ஏன் ஒருத்தர்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை?

நாயகன் ஒரு சத்திரம், அதுதான் காரணம். யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம். தங்குகிறவர் பதினாறு வயசுப் பையனாகவும் இருக்கலாம், ரிட்டயர்ட் வாத்தியாராகவும் இருக்கலாம். யார் வந்தாலும் இடிக்காமல் இருக்க வேண்டுமானால் சுவரில் படம் மாட்டக் கூடாது, மூலையில் சாமான் வைக்கக் கூடாது. அதனால்தான் பேர் இல்லை, முகம் இல்லை, அப்பா அம்மா இல்லை. அவன் என்ன செய்வான் என்று தீர்மானிக்கும் உரிமையை எழுதியவர் விளையாடுகிறவரிடம் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு அவனுக்கென்று ஒரு குணம் எப்படி இருக்கும்? ஒருத்தர் கையில் அவன் வீரன், இன்னொருத்தர் கையில் சுவரில் முட்டிக்கொண்டே நிற்கிற முட்டாள்.

கூட வருகிறவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் முழுக்க எழுதியவருக்குச் சொந்தம். ஆசை, பயம், வீம்பு எல்லாவற்றையும் தாராளமாகப் போடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், அவனால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும். சொன்னதை எல்லாம் செய்கிறவன் மேல் யாருக்கும் பிரியம் வருவதில்லை. நாயகன் அப்படித்தான் இருக்கிறான். மேற்கே போ என்றால் போவான், கிணற்றில் குதி என்றால் குதிப்பான்.

ஆரம்பத்தில் துணை என்கிற யோசனையே கிடையாது. 1970களின் நடுவில் வில் கிரவுதர் எழுதி, 1977ல் டான் உட்ஸ் விரித்து எழுதிய 'அட்வென்ச்சர்'தான் இந்த வகைக்கெல்லாம் தாய். குகைக்குள் ஒற்றை ஆளாகச் சுற்ற வேண்டும். ஆனாலும் அதில் ஒரு கரடி உண்டு! சங்கிலியில் கட்டிக் கிடக்கும். தின்னக் கொடுத்து, அவிழ்த்துவிட்டால் பின்னாலேயே வரும். பாலத்தில் வழி மறிக்கிற பூதம் அதைக் கண்டால் ஓடிவிடும். ஆசையாகக் கரடியையும் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாலோ, கரடி கனத்தில் பாலமே உடைந்து விழும். துணை என்றால் பாரமும்தான் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

துணைதான் மேல் என்று சும்மா தூக்கி வைத்துவிடவும் முடியாது. ஃபிளாய்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி பார்த்தால் அது என்ன? ஒரு சாவி. பூட்டின கதவுக்குள் இருந்து ஓர் அட்டையை எடுத்து வரும் சாவி. சாவி கண்ணாமூச்சி ஆடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாயகன் மேற்கொண்டு போக ஒரு உயிர் போக வேண்டும், அந்த உயிர் எப்போதும் பக்கத்தில் நிற்கிறவனுடையது. கடைசியில் ரோபோவை ரிப்பேர் பண்ணித் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அழ வைத்ததற்கு ஒரு மிட்டாய். அதோடும் விடவில்லை. 1987ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே ஃபிளாய்டு கெட்டுப்போய், விளையாடுகிறவர் கையாலேயே அதைச் சுட வேண்டி வருகிறது. ஒரே ஆளை இரண்டு தடவை பலி கொடுத்த கேம் வரிசை வேறு உண்டா தெரியவில்லை.

இது சினிமாவுக்குப் புதிதில்லை. நாயகனின் நண்பன் இடைவேளைக்கு முன்பு தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆள் அவுட் என்று. :-)

ஆக, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். துணைப் பாத்திரம் நாயகனைவிட நன்றாக இருக்கிறதா என்பதைவிட, அவ்வளவு நன்றாக இருக்கிற ஆளை ஏன் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

இதற்குப் பதில் தேட அமெரிக்கா போக வேண்டாம். புதூரில் பஸ் ஏறினால் பக்கத்திலேயே நாகலாபுரம். இன்னும் போனால் பாஞ்சாலங்குறிச்சி. இந்தக் கரிசல் மண்ணின் பெரிய கதையே ஒரு நாயகனும் கூட வந்தவர்களும்தான்.

கட்டபொம்மன் கதையில் நாயகனின் பேரை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதி இருப்பவர்கள் யார் யார்? மனைவி கெட்ட கனாக் கண்டு தடுத்தும் கேட்காமல் சண்டைக்குப் போகிற வெள்ளையத்தேவன். தடுத்துப் பார்க்கிற வெள்ளையம்மாள். கவர்னகிரி சுந்தரலிங்கம், தானும் சேர்ந்து அழிகிற மாதிரி வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்கை அழித்தான் என்று வாய்மொழி மரபு சொல்லுகிற தளபதி. வாய் சரியாகப் பேச வராத தம்பி ஊமைத்துரை. அப்புறம் தானாபதிப் பிள்ளை. ஒவ்வொருத்தரும் ஒரு தனிக்கதை. 1959ல் வந்த சினிமாவில் சிவாஜி வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது உண்மைதான். ஆனால் மாட்டை அடக்குவது, காதலிப்பது, மனைவியிடம் வாதாடுவது, செத்துப்போய் வீட்டை அழ வைப்பது எல்லாம் ஜெமினி கணேசன் நடித்த வெள்ளையத்தேவன்தான். நாயகனுக்கு வசனம், கூட வந்தவனுக்கு வாழ்க்கை.

தானாபதிப் பிள்ளை விஷயம்தான் கேம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் கம்பெனியின் நெல்லைக் கொள்ளை அடித்தது அவருடைய ஆட்கள் என்று குற்றச்சாட்டு. ஆளைப் பிடித்துக் கொடு என்று கம்பெனி கேட்கிறது. கட்டபொம்மன் கொடுக்கவில்லை. சண்டைக்கு இட்டுச்சென்ற காரணங்களில் இதுவும் ஒன்று என்று சொல்கிறார்கள். நாயகன் எடுத்த மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று, கூட இருந்தவனைப் பற்றி எடுத்த முடிவு! திரையில் இரண்டே வரி போதும்: 'கொடு', 'கொடுக்காதே'. கொடுத்தால் கோட்டை மிஞ்சலாம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1799 செப்டம்பரில் தானாபதிப் பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கில் போட்டார்கள். அடுத்த மாதம் 16ந் தேதி கயத்தாறில் கட்டபொம்மனை.

சாதாரண கேமாக இருந்தால் இங்கே 'நீ இறந்துவிட்டாய், மறுபடி ஆட வேண்டுமா?' என்று வந்திருக்கும். நாயகன் போனால் ஆட்டம் முடிந்தது. கரிசல் கதையில் அப்படி முடியவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வருகிறார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை சில நாட்களில் மண்ணாலேயே மறுபடி எழும்புகிறது. முதல் தாக்குதலில் வெள்ளைக்காரப் படை தோற்றுத் திரும்புகிறது. மே மாதம்தான் கோட்டை விழுந்தது. நாயகன் செத்து ஒன்றரை வருஷம் கழித்து, கூட வந்தவன் நடத்திய இரண்டாம் பாகம் இது. முதல் பாகத்தைவிடப் பெரிசு என்றுகூட வாதாடலாம்.

இந்த ஊமைத்துரையை நேரில் எதிர்த்துச் சண்டை போட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1830ல் வெளிவந்த தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் அவர் ஊமைத்துரையைப் பற்றி எழுதிய விதத்தைப் பார்த்தால் எதிரியைப் பற்றி எழுதியது மாதிரியே இருக்காது. அதில் ஒரு காட்சி. சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவாராம், இது இங்கிலீஷ் படை என்று. நேரம் எப்போது என்பதைச் சைகையில் காட்டுவாராம். பிறகு மற்றக் கையை வீசி, வாயால் ஒரு சத்தத்தோடு, துரும்புகளை அப்படியே தள்ளிவிடுவாராம். அதுதான் தாக்கு என்கிற உத்தரவு. வசனமே இல்லை. பக்கம் பக்கமாக எழுதின எந்த கேம் வசனத்தாலும் இந்தத் துரும்பைத் தாண்ட முடியுமா என்பது சந்தேகம்தான்.

அட, இதெல்லாம் சரித்திரம், அங்கே விளையாடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வில்லுப்பாட்டைப் பார்க்க வேண்டும்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். நடுவில் வில்லை அடித்துக்கொண்டு பாடுகிறவர் கதையைச் சொல்வார். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளத்தோடு இருக்கிறவர்களில் ஒருத்தர் 'ஆமா' போடுவார். சும்மா ஆமா அல்ல. "அப்புறம் என்னாச்சு?" "அதெப்படி, அவன் எப்படி விட்டான்?" என்று, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மனசில் எழும் கேள்வியை அவர் கேட்பார். கேலியும் பண்ணுவார், கதை நடுவே ஊர்க்காரரை இழுத்தும் விடுவார். கதையில் அவர் யாருமே இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் கதைக்குள் நுழைகிற வாசல் அவர்தான். கட்டபொம்மனாக யாரும் தன்னை நினைத்துக்கொள்வதில்லை. ஆமா போடுகிறவராக எல்லோருமே இருக்கிறார்கள்.

மேல்நாட்டு கேம்காரர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. 2014ல் இங்கிள் என்கிற பிரிட்டிஷ் கம்பெனி '80 டேஸ்' என்று ஒரு கேம் வெளியிட்டது. எழுத்து, பெரும்பாலும் மெக் ஜயந்த். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றுகிற ஃபிலியாஸ் ஃபாக் கதைதான். ஆனால் விளையாடுகிறவர் ஃபாக் இல்லை. அவருடைய வேலைக்காரன் பாஸ்பார்ட்டூ! பெட்டி அடுக்குவது, டிக்கெட் வாங்குவது, துணிமணி விற்றுக் காசு சேர்ப்பது, எஜமானுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் கூட இருந்து பார்த்துக்கொள்வது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஊர் சுற்றுவதும் ஆட்களிடம் பேசுவதும் அவன்தான். பந்தயம் கட்டின பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பெருமை அவருக்கு, பயணம் இவனுக்கு. மூலக்கதையில் பக்கத்தில் நின்றவனை நடுவில் கொண்டுவந்ததும் உலகமே வேறு மாதிரி தெரிகிறது. மாடியிலிருந்து பார்த்த ஊரைத் தெருவில் இறங்கிப் பார்க்கிற மாதிரி.

நாயகனுக்குக் குணமே கொடுக்க முடியாது என்று சொன்னால் அது பொய். 2007ல் வந்த 'லாஸ்ட் பிக்' கேமில் நாயகன் கிரங்க் என்கிற ஓர் ஆர்க், பண்ணையாள். தொலைந்துபோன பன்றியைத் தேடுகிறான். கதை முழுக்க அவனுடைய கொச்சை மொழியில்தான் ஓடுகிறது, சிரித்து மாளாது. கவனித்தால் ஒன்று தெரியும். அவன் நாயகன் மாதிரியே இல்லை, வேறு யார் கதையிலோ பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஆள்.

தமிழிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2023ல் வந்த 'வெண்பா'. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 2024ல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு என்கிற விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். இட்லி ஊற்றுவதிலிருந்து ஆரம்பிக்கிறது. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கும், விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். ரொம்ப நேரம் விளையாடுகிறவர் வெண்பாதான். கவின் பக்கத்தில் நிற்கிற பிள்ளை. சொன்னால் கேட்காத, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற, அம்மாவுக்குப் புரிபடாத பிள்ளை. அவன் மேல் எரிச்சல்கூட வரும். பிறகு ஒரு அத்தியாயத்தில் கையைப் பிடித்து அவன் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். அதே நோட்டு. இப்போது படிக்கிறவனுக்குத் தமிழ் சரளமாக வராது. இத்தனை நேரம் எரிச்சல்பட்டது யார் மேல் என்று நெஞ்சில் ஒரு குத்து விழும். துணைப் பாத்திரத்தைச் சாகடிக்காமலேயே அழவைக்கலாம், அவனாக ஆக்கிவிட்டால் போதும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கதி இருக்கிறது, இங்கிலீஷ் கேம்காரர்களுக்குத் தெரியாதது. அவர்களுக்கு நாயகனைக் கூப்பிட ஒரே வார்த்தை. அரசனுக்கும் அதே, ஆண்டிக்கும் அதே. அதனால்தான் சத்திரம் கட்ட அவர்களுக்கு வசதி. தமிழில் எழுதினால் முதல் வரியிலேயே 'நீ'யா 'நீங்க'ளா என்று முடிவு பண்ண வேண்டும். சரி, 'நீ' என்று எழுதித் தப்பித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், கூட வருகிறவன் வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் மாட்டிக்கொள்வார்கள். அவன் எப்படிக் கூப்பிடுவான்? "ஏலே" என்றால் நாயகன் சின்னப் பையன் அல்லது சேக்காளி. "ஏட்டி" என்றால் பெண். "அண்ணாச்சி" என்றால் மரியாதைப்பட்ட ஆள். "மாப்ளே" என்றால் முறைக்காரன். "மொதலாளி" என்றால் தீப்பெட்டி ஆபீஸோ கடலை மிட்டாய்க் கடையோ இருக்கிறது என்று அர்த்தம். "சாமி" என்றால்... அதற்கு மேல் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நாயகனின் வயசு, வசதி, ஆணா பெண்ணா, தெரு எது என்பது வரை கூட வருகிறவனின் ஒரே ஒரு விளிச்சொல்லில் வந்து விழுந்துவிடும். ஃபிளாய்டைத் தமிழில் எழுதினால் அதுவும் 'அண்ணே' என்றுதான் பின்னால் ஓடிவர வேண்டியிருக்கும். வெற்று நாயகன் தமிழில் தனியாக இருக்கும் வரைதான் வெற்று. பக்கத்தில் ஒரு ஆள் வந்துவிட்டால் அவனுக்கு ஊர் வந்துவிடும்.

இதனால் தமிழில் துணைப் பாத்திரத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. யார் யாருக்குத் துணை என்பது இங்கே வெறும் கதைச் சிக்கல் இல்லை. 1997ல் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், பிறக்காதவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதுவரை மாவட்டங்களுக்கும் பஸ் கழகங்களுக்கும் தலைவர்கள் பேர்தான். திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் பேர், தூத்துக்குடிக்கு வ.உ.சி. பேர். கட்டபொம்மன் பேர் போட்ட பஸ்ஸில் எல்லோரும் ஏறி இறங்கினார்கள், ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த வருஷம் விருதுநகரில் ஆரம்பித்த புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தது. சுந்தரலிங்கம் தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள் சிலர். கலவரம், கல்லெறி, உயிர்ச்சேதம். கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலும் எல்லாப் பஸ்களிலும் இருந்து எல்லாத் தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது.

ஒரே கோட்டை, ஒரே சண்டை, ஒரே வருஷம். நாயகன் பேர் பஸ்ஸில் இருக்கலாம், கூட நின்று செத்தவன் பேர் இருக்கக் கூடாது. கூட வருகிறவன் கதைக்குள் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தலைப்புக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்பதை கேம் எழுதுகிறவர்கள் மட்டுமா சொல்கிறார்கள்?

இதை வைத்துப் பார்க்கும்போது '80 டேஸ்' செய்த காரியம் வெறும் உத்தியாகத் தெரிவதில்லை. இப்போது ஒரு கேம் எழுத லட்சக்கணக்கில் காசு வேண்டாம். ட்வைன் என்று ஒரு மென்பொருள் 2009லிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது. புரோகிராமிங் தெரியாதவர்களும் எழுதலாம். யூனிகோடு தமிழ் தாராளமாக வரும், எந்த பிரவுசரிலும் ஓடும். 'விளக்கை எடு', 'விளக்கால் அடி' என்று ஐ, ஆல் எல்லாம் கழற்றிப் புரிந்துகொள்ளும் பெரிய தலைவலியும் அதில் இல்லை, விளையாடுகிறவர் வரியைச் சொடுக்கினால் போதும். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு லாப்டாப் இருந்தால் பாஞ்சாலங்குறிச்சியை எழுதிவிடலாம்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் கட்டபொம்மனைத்தான் எடுப்பார்கள், சந்தேகமே இல்லை. மீசையும் வசனமும் கையைப் பிடித்து இழுக்கும். ஆனால் விளையாடுகிறவரைக் கட்டபொம்மனாக உட்கார வைத்தால் அவருக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது? எல்லா முடிவும் எல்லோருக்கும் தெரிந்த முடிவு. எல்லா வசனமும் ஏற்கனவே வேறு ஒருவர் பேசிவிட்டுப் போன வசனம். அதே ராத்திரியில் வெள்ளையம்மாளாக இருந்து பார்த்தால்? கனவு கண்டாகிவிட்டது. விடிவதற்குள் அவனை நிறுத்த வேண்டும். அழலாம், கோபப்படலாம், குதிரையை அவிழ்த்துவிடலாம், ஒளித்து வைக்கலாம். எதைச் சொடுக்கினாலும் அவன் போகத்தான் போகிறான். ஆனால் எப்படி அனுப்பினாள் என்பது ஒவ்வொருவர் கையிலும் ஒரு மாதிரி இருக்கும். அது சினிமாவில் இல்லாதது.

அல்லது கவர்னகிரிக்காரனாக. அரசன் அழைத்துப் பேசுகிறான். என்ன சொல்லிக் கூப்பிடுவான், இவன் என்ன சொல்லிப் பதில் கொடுப்பான், எவ்வளவு தூரத்தில் நின்று கொடுப்பான்? இந்த மூன்றையும் எழுதாமல் முதல் காட்சியைத் தாண்ட முடியாது. எழுதினால் முதல் காட்சியிலேயே அந்தப் பஸ்ஸின் பாதிக் கதை வந்துவிடும். அப்புறம் கிடங்குக்குள் போகிற ராத்திரி. ஃபிளாய்டுக்குக் கதவைத் திறந்துவிட வெளியே ஒரு ஆள் இருந்தான். இங்கே வெளியே யாரும் இல்லை. உள்ளே போகிறவனே விளையாடுகிறவன். போவதா, திரும்பி ஊருக்கு நடப்பதா என்று திரையில் இரண்டு வரி நிற்கும். திரும்பி நடக்கிற வரியையும் எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், அந்த வழியில் போனாலும் அவனுக்கு ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும்: பருத்திக் காடு, மழை பார்த்துக் காத்திருப்பது, வயசாவது எல்லாம். அப்படி எழுதினால்தான் மற்ற வரியைச் சொடுக்குகிறவர் கை கொஞ்சம் நடுங்கும்.